1973 கட்டடம், ஒரு பக்கம் 27 பாகை, மறுபக்கம் 18: பொயிலர் கொட்டேசனில் கையெழுத்து வைக்கலாமா?

பதினாலாம்மாடி:

வணக்கம். ரொறன்ரோ ஸ்காபரோவில் 1973இல் கட்டின கொண்டோ (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள தொடர்மாடி), 14 மாடி, 160 வீடு. நான் அதன் நிர்வாகக் குழுவில் (போர்ட்) இருக்கிறேன். மனேஜ்மென்ற் கொண்டுவந்த பொயிலர் கொட்டேசனுக்கு அடுத்த கூட்டத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். விபரம் இதுதான்:

பென்ற்ஹவுஸில் (உச்சியில் உள்ள இயந்திர அறை) இரண்டு பழைய அட்மொஸ்ஃபெரிக் பொயிலர் (விசிறி இல்லாமல் இயற்கை இழுப்பில் எரிவது), ஒவ்வொன்றும் மணித்தியாலத்துக்கு 30 லட்சம் பி.ரி.யு (வெப்ப அலகு). வீடுகளில் யன்னலுக்குக் கீழே செப்புக் குழாயில் அலுமினியத் தகடு கோர்த்த பேஸ்போட் ஹீற்றர். வீட்டுக்குள் தேர்மோஸ்ற்றாற் கிடையாது. குளிர்காலம் முழுக்க 82 பாகைத் தண்ணீர் ஓடுகிறது. கூரையில் கொறிடோருக்குக் காற்றுத் தள்ளும் காஸ் யூனிற் ஒன்று. அதன் பிளேற்றில் நிமிடத்துக்கு 10,000 கன அடி என்று இருக்கிறது. சுடுதண்ணிக்குத் தனிப் பொயிலர். யன்னல் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி அலுமினிய ஸ்லைடர். காஸ் மீற்றர் முழுக் கட்டடத்துக்கும் ஒன்றுதான்: போன வருடம் 280,000 கனமீற்றர். ஜனவரியில் 46,000, ஜூலையில் 6,500.

10ஆம் மாடிக்கு மேலே தெற்குப் பக்கத்தில் ஜனவரியிலும் 27 பாகை, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். 2ஆம், 3ஆம் மாடியில் வடக்கு மூலை வீடுகள் 18க்கு மேலே ஏறுவதில்லை, பிளக் ஹீற்றர் வைத்திருக்கிறார்கள். கொட்டேசனில் அதே அளவில் இரண்டு கொண்டென்சிங் பொயிலர், "காஸ் 25% குறையும்" என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? யன்னலை முதலில் மாற்று என்று ஒரு கூட்டம், ஹீற் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூடு எடுக்கும் மின் இயந்திரம்) என்று இன்னொரு கூட்டம்.

றைசர்:

இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீங்கோ. கொண்டென்சிங் பொயிலர் கூடாத சாமான் இல்லை. அளவும் பிழை, 25 என்ற கணக்கும் பிழை. இரண்டையும் நீங்கள் தந்த பில்லில் இருந்தே பார்க்கலாம்.

ஜூலை 6,500 முழுக்கச் சுடுதண்ணி. ஜனவரியில் குழாயில் வரும் பச்சைத் தண்ணி இன்னும் குளிர், அதனால் சுடுதண்ணிக்கு 8,000 என்று வைப்போம். கூரை யூனிற் ஜனவரியில் ஏறக்குறைய 12,000 எரிக்கும். மிச்சம் 26,000 கனமீற்றர்தான் உங்கள் இரண்டு பெரிய பொயிலரும் எரிச்சது. ஒரு கனமீற்றரில் சுமார் 10.7 கிலோவாற் மணி. பழைய பொயிலர் சீசன் முழுக்க 75% தந்தாலே பெரிய விசயம். பெருக்கிப் பார்த்தால் வீடுகளுக்குப் போனது ஏறக்குறைய 209,000 கிலோவாற் மணி. 744 மணித்தியாலத்தால் பிரித்தால் சராசரி 280 கிலோவாற். ரொறன்ரோ ஜனவரிச் சராசரி மைனஸ் 4 அளவு. டிசைன் குளிர் (அளவு கணக்கிட எடுக்கிற உச்சக் குளிர்) மைனஸ் 18. அந்த விகிதத்தில் ஏற்றினால் உச்சக் குளிரில் 450 தொடக்கம் 490 கிலோவாற். தாராளமாக விட்டு 600 என்று எழுதுங்கோ, அது 20 லட்சம் பி.ரி.யு சொச்சம்.

கொட்டேசனில் இருக்கிறது 60 லட்சம் பி.ரி.யு. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அளவு கூடின பொயிலர் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பத்து நிமிடம் எரிந்து நின்று, திரும்ப எரிந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் எரியத் தொடங்க முன்னும் நின்ற பின்னும் உள்ளே காற்றோட்டிச் சூட்டை வெளியே தள்ளும். இக்னைற்றர், காஸ் வால்வ், ஃபான் எல்லாம் இதால்தான் வயது போக முன்னே போகிறது.

இனி 25%. வருடத்துக்கு 280,000இல் பேஸ்போட்டுக்குப் போவது ஏறக்குறைய 135,000. மிச்சத்தைச் சுடுதண்ணியும் கூரை யூனிற்றும் தின்னுது. அதிலே இந்தக் கொட்டேசன் கை வைக்கவில்லை. 75இல் இருந்து 89க்கு ஏறினால் மிச்சம் 16%, அதாவது 21,000 கனமீற்றர். மொத்தத்தில் 7.5%. அதுகும் 89 வந்தால்தான். அது தானாக வராது.

கொண்டென்சிங் பொயிலர் புகையில் இருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி அந்தச் சூட்டை எடுக்கிற சாமான். திரும்பி வரும் தண்ணி 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 82இல் அனுப்பி 76இல் திரும்புகிற கட்டடத்தில் 95% என்று ஸ்ரிக்கர் ஒட்டின பொயிலரும் 86, 87தான் தரும். ஆகவே ஸ்பெக்கில் (வேலை விபரக் குறிப்பில்) அவுட்டோர் றீசெற், அதாவது வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணிச் சூட்டை மாற்றுகிற ஏற்பாடு, இருக்க வேண்டும்: வெளியே மைனஸ் 18 என்றால் 80 பாகை, பிளஸ் 10 என்றால் 45, இடையிலே நேர்கோடு. அப்படிப் பார்த்தால் வெளியே 0 இருக்கும்போது 57, 58 அனுப்பினால் போதும், திரும்புவது 50 அளவு. ரொறன்ரோக் குளிர்காலத்தில் பெரும்பாலான மணித்தியாலம் மைனஸ் 5க்கு மேலே. காசு மிச்சம் பிடிக்கிறது அந்த மணித்தியாலங்களில்தான். மைனஸ் 18 நாளில் ஒன்றும் மிஞ்சாது, அது பரவாயில்லை.

பம்பையும் பாருங்கோ. 500 கிலோவாற்றை 11 பாகை வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 170 கலன் போதும். பழைய பம்ப் 300 தள்ளுது என்றால் வித்தியாசம் 6 பாகைக்கு இறங்கி, திரும்பி வரும் தண்ணி சூடாகவே வரும், கொண்டென்சிங் நடக்காது. உங்கள் இயந்திர அறையில் போகிற குழாயிலும் வருகிற குழாயிலும் தேர்மோமீற்றர் இருக்கும். ஒரு குளிர் நாளில் இரண்டையும் படம் எடுத்து வையுங்கோ. எந்தக் கொன்றாக்ரரோடும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டே பேசலாம்.

கட்டடக்காற்று:

றைசர் கணக்கு சரி. நான் கூரை யூனிட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வயசு கட்டடங்களில் எல்லாரும் பாய்லரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், காசு கூரை வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

நிமிடத்துக்கு 10,000 கன அடி என்றால் வினாடிக்கு 4,720 லிட்டர். மைனஸ் 18 காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவர 215 கிலோவாட் வேண்டும். 160 வீட்டின் பேஸ்போர்டுக்கும் சேர்த்தே 480 சொச்சம்தான் என்று இப்போது பார்த்தோம். டொரண்டோவின் வருடக் குளிர் கணக்கில் (18 டிகிரி அடிப்படையில் சுமார் 3,520 டிகிரி-நாள்), பர்னர் 75% என்று வைத்தால், வருடத்துக்கு 60,000 கன மீட்டர் கேஸ். அதுவும் 18க்கு மட்டும் சூடாக்கினால். பல கட்டடங்களில் போய்ப் பார்த்தால் யாரோ எப்போதோ 24 வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்தக் காற்று வீட்டுக் கதவுக்கு அடியில் புகுந்து உள்ளே போகும், சமையலறை, பாத்ரூம் ஃபேன் வழியாக வெளியேறும் என்பது 1970களின் வடிவமைப்பு. நடப்பது வேறு. காற்று லிஃப்ட் குழியிலும் படிக்கட்டிலும் குப்பை போடும் குழாயிலும் நழுவி மேலே போய்விடும். குளிர்காலத்தில் 14 மாடிக் கட்டடம் ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது: கீழ்மாடிகளில் குளிர்க்காற்று உறிஞ்சப்படும், மேல்மாடிகளில் சூடான காற்று வெளியே தள்ளப்படும். உங்கள் 2ஆம் மாடி வடக்கு மூலை 18இல் நிற்பதற்கும் 12ஆம் மாடி 27இல் கொதிப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். மேலே ஜன்னலைத் திறந்தால் இழுப்பு இன்னும் கூடும், கீழே இன்னும் குளிரும். 12ஆம் மாடிக்காரர் ஜன்னலைத் திறந்ததற்கு 2ஆம் மாடிக்காரர் ஹீட்டர் வாங்குகிறார்.

ஆகவே ஓட்டை அடைக்கும் வேலை மேலேயும் கீழேயும் முதலில், நடுமாடிகள் கடைசி. பார்க்கிங் கராஜிலிருந்து லிஃப்டுக்குப் போகும் முன்னறைக் கதவுகள், படிக்கட்டுக் கதவுகளின் ரப்பர், குப்பைக் குழாயின் ஒவ்வொரு மாடிக் கதவு, பென்ட்ஹவுஸ் லிஃப்ட் மோட்டார் அறையின் தரையில் கேபிள் வரும் துளைகள், கூரைக்குப் போகும் கதவு, குழாய்கள் ஸ்லாபை (கான்கிரீட் தளம்) துளைத்து ஏறும் இடங்கள். கடைசியில் சொன்ன இடத்தில் சாதாரண ஃபோம் அடிக்கக் கூடாது, தீத்தடுப்புச் சீலன்ட் மட்டும்தான். லிஃப்ட் குழியின் உச்சியில் புகை வெளியேற ஒரு துவாரம் இருந்தால் லிஃப்ட் கம்பெனியையும் ஃபயர் கோட் தெரிந்தவரையும் கேட்காமல் தொட வேண்டாம்.

யூனிட்டுக்கு: விசிறி மோட்டாரில் வி.எஃப்.டி (வேகத்தை மாற்றும் கருவி) போட்டு, நள்ளிரவிலும் மத்தியானத்திலும் 80% வேகத்துக்கு இறக்கலாம். காற்று 80%, கேஸும் 80%, மோட்டார் மின்சாரம் பாதி. அதற்கு மேல் இறக்கும் முன் கொறிடோர் அழுத்தத்தை அளக்க வேண்டும். கொறிடோர் வீட்டைவிடக் கொஞ்சம் அழுத்தம் கூடி இருக்கும்வரை சமையல் வாசனையும் சிகரெட் நாற்றமும் வெளியே வராது. அது தலைகீழானால் மறுநாளே மேனேஜ்மென்ட்டுக்கு ஃபோன் வரும். பழைய பர்னர் ஆன்/ஆஃப் ரகம் என்றால் காற்றைக் குறைக்கும்போது ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் பாகம்) அதிகம் சூடாகி, பாதுகாப்பு லிமிட் ஸ்விட்ச் யூனிட்டை நிறுத்தும், கொஞ்ச காலத்தில் விரிசலும் விடும். மாடுலேட்டிங் பர்னர் (தீயைக் கூட்டிக் குறைக்கும் ரகம்) இல்லாத யூனிட்டில் வி.எஃப்.டி மட்டும் போட்டு விடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: மிச்சம் பிடிக்கிறோம் என்று வீட்டுக் கதவுகளின் அடி இடைவெளியை ரப்பர் வைத்து மூடிவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் புதுக்காற்று வரும் வழி அது ஒன்றுதான். மூடினால் பிப்ரவரியில் ஜன்னல் ஓரத்திலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சணம். கதவை மூட வேண்டுமென்றால் வீட்டுக்குள் வெப்ப மீட்பு வென்டிலேட்டர் முதலில் வர வேண்டும்.

பொருளாளர்_கொண்டோ:

பணப் பக்கமும் சட்டப் பக்கமும்.

ஒன்ராறியோ கொண்டோ சட்டம் 1998இல் 97ஆம் பிரிவுதான் உங்களுக்குத் தேவையானது. பழுதாகிப்போன பொயிலரை இன்றைய கட்டுமானத் தரத்துக்கு ஏற்ற பொயிலரால் மாற்றுவது திருத்தம், மாற்றீடு என்ற வகையில் வரும். உரிமையாளர்களின் வாக்கு தேவையில்லை, றிசேர்வ் ஃபண்டிலிருந்து (பெரிய திருத்தங்களுக்குச் சேர்த்து வைக்கும் நிதி) எடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் வென்ரிலேற்றர், ஹீற் பம்ப் என்று முன்பு இல்லாத ஒன்றைப் பொதுச் சொத்தில் சேர்ப்பது வேறு கதை. அதற்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். செலவு வருடாந்தப் பொதுச் செலவு பட்ஜெற்றில் 10%ஐத் தாண்டினால் பெரும்பாலும் "கணிசமான மாற்றம்" ஆகிவிடும், அப்போது மூன்றில் இரண்டு பங்கு வீடுகளின் வாக்கு வேண்டும். 160 வீட்டில் 107. வாடகைக்கு விட்டிருக்கும் முதலீட்டாளர்கள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள் என்பதால் அந்த எண்ணிக்கையை எட்டுவது லேசல்ல, புரொக்சி (வராதவர்களின் வாக்கைப் போடும் அதிகாரக் கடிதம்) சேர்க்கும் வேலையை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். எந்த வேலை எந்த வகை என்பதைக் கொண்டோ வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

25% கணக்கைப் பற்றி இன்னொன்று. அந்தக் கணக்கு எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1இலிருந்து காஸ் பில்லில் பெடரல் காபன் கட்டணம் இல்லை. அதற்கு முதல் வருடம் அது கனமீற்றருக்கு 15.25 சதம், 2030 வரை ஏறிக்கொண்டே போகும் என்றும் சட்டத்தில் இருந்தது. 2023, 2024இல் எழுதின எனர்ஜி ஓடிற் (எரிசக்திச் செலவு ஆய்வு) பலவும் அந்த ஏற்றத்தைக் கூட்டித்தான் "இத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும்" என்று காட்டின. றைசர் சொன்ன 21,000 கனமீற்றரில் மட்டும் வருடத்துக்கு 3,200 டொலர் அப்படியே காணாமல் போகிறது. இன்றைய பில்லின் மொத்தத்தில் மாதக் கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தைக் கனமீற்றரால் பிரித்து வரும் விலையில் கணக்கைத் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள்.

மாதாமாத காஸ் எண்களுக்கு அலைய வேண்டாம். 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1க்குள் மாகாணத்துக்கு மின்சாரம், காஸ், தண்ணீர்க் கணக்குக் கொடுக்க வேண்டும். 160 வீட்டுக் கட்டடம் நிச்சயம் அதற்குள் வரும். மனேஜ்மென்ற் அதை எனர்ஜி ஸ்ரார் போர்ட்ஃபோலியோ மனேஜர் என்ற இணையக் கருவியில் பதிந்திருக்கும். பார்க்க அனுமதி கேளுங்கள்.

கொட்டேசனில் இல்லாமல் பிறகு "எக்ஸ்ட்றா" என்று வருபவை: அஸ்பெஸ்டஸ். 1973 குழாய்களின் வளைவுகளில் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு அநேகமாக அதுதான். ஒன்ராறியோ ஒழுங்குவிதி 278/05இன்படி வேலைக்கு டெண்டர் கோரும் முன்பே அஸ்பெஸ்டஸ் அறிக்கை இருக்க வேண்டும். பிறகு கிறேன், றோட்டு மறிப்பு அனுமதி, பழைய பொயிலரை வெட்டி இறக்கும் கூலி. காஸ் வேலைக்கு ஜி1 காஸ் ரெக்னீசியன் லைசன்ஸ் உள்ளவர் வேண்டும். ஜி2காரருக்கு 400,000 பி.ரி.யு வரைதான் அனுமதி. காஸ் கம்பெனியான என்பிரிட்ஜின் ஊக்கத்தொகை கேட்பதென்றால் சாமான் ஓடர் பண்ண முன்பே அவர்களிடம் விசாரியுங்கள்.

பதினாலாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. கூரை யூனிற்றின் செற் பொயின்ற்றை (எத்தனை பாகைக்கு வைத்திருக்கிறது என்று) கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்ரெண்டனிடம் கேட்டேன், 23 என்கிறார்.

மூன்று கேள்வி. ஒன்று, ஒரு பொயிலரின் ஹீற் எக்ஸ்சேஞ்சரில் ஒழுக்கு இருக்கிறது. இந்தக் குளிருக்கு முதல் ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஓட்டை அடைத்து, குழாய்களில் தண்ணீர் ஓட்டத்தைப் பலன்ஸ் பண்ணி, பிறகு பொயிலர் என்று காத்திருக்க நேரம் இல்லை. இரண்டு, 27 பாகை வீடுகளுக்கு பேஸ்போட்டில் தேர்மோஸ்ற்றாற்றிக் வால்வ் பூட்டினால் காணுமா? உரிமையாளர்கள் தாங்களே வாங்கிப் பூட்டத் தயார். மூன்று, யன்னல்.

றைசர்:

ஒழுக்கிற பொயிலருக்கு: இரண்டையும் மாத்தாமல் ஒன்றை மட்டும் கழட்டுங்கோ. அந்த இடத்தில் 10 லட்சம் பி.ரி.யு கொண்டென்சிங் இரண்டு. மிச்சம் இருக்கிற பழையது மைனஸ் 15க்குக் கீழே போகிற நாளுக்கும், புதியது பழுதானால் கைகொடுக்கவும் நிற்கட்டும். ஓட்டை அடைச்சு, காற்றைக் குறைச்சு, இரண்டு குளிர்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு மூன்றாவது 10 லட்சம் தேவையா என்று முடிவெடுக்கலாம். அநேகமாகத் தேவைப்படும், ஆனால் உதிரியாக. 10 லட்சம் அளவுள்ள பொயிலர்களில் பல 36 அங்குலக் கதவால் போகும், சில சேர்விஸ் லிஃப்ற்றிலும் ஏறும். கிறேன் செலவு மிஞ்சக்கூடும், அகலத்தை முதலே அளவுங்கோ.

பழையதையும் புதியதையும் ஒரே குழாயில் கட்டும்போது கவனம். பழைய அட்மொஸ்ஃபெரிக் பொயிலருக்குத் திரும்பி வரும் தண்ணி 57, 60 பாகைக்குக் கீழே போகக் கூடாது. போனால் அதன் புகை உள்ளேயே தண்ணியாகி எக்ஸ்சேஞ்சரையும் புகைக்குழாயையும் அரிச்சுவிடும். புதியதுக்கோ குளிர்ந்த தண்ணிதான் வேண்டும். ஆகவே ஹைட்றோலிக் செப்பரேற்றர் (ஒரு சுற்றின் ஓட்டம் மற்றதைப் பாதிக்காமல் பிரிக்கிற தொட்டி) ஒன்று, பழைய பொயிலருக்குத் தனிப் பம்பும் மிக்ஸிங் வால்வும், கொன்ரோலரில் அது கடைசிக் கட்டம். இதே காரணத்துக்காக, இப்பவே றீசெற் பரீட்சை செய்து பார்க்க ஆசைப்பட்டால் 82இல் இருந்து 70க்கு மட்டும் இறக்குங்கோ, அதற்குக் கீழே வேண்டாம். வெளியே 0 அளவில் இருக்கிற மூன்று நாள் அப்படி ஓட்டினால் எந்தெந்த வீட்டிலிருந்து போன் வருது என்று தெரியும். அந்த வீடுகள்தான் முழுக் கட்டடத்தையும் 82இல் பிடிச்சு வைத்திருக்கிறது. அங்கே பேஸ்போட்டின் மூடியைக் கழட்டிப் பாருங்கோ: ஐம்பது வருடத் தூசியும் பூனை மயிரும் தகடுகளுக்கிடையில் கம்பளம் மாதிரி அடைஞ்சிருக்கும், முன்னால் சோபா ஒட்டி நிற்கும், கார்பெற் கீழ்வாயை மூடியிருக்கும். பேஸ்போட் என்பது கீழாலே குளிர்க்காற்று புகுந்து மேலாலே சூடாகப் போகிற சாமான். வாக்கூமும் தகடு நிமிர்த்துகிற சீப்பும் போதும். அப்படியும் 20, 21 வராத வீட்டுக்கு மட்டும் நீளமான அல்லது இரட்டை வரிசைப் பேஸ்போட் போடுங்கோ. ஐந்தாறு வீட்டுக்குச் செலவழித்து 160 வீட்டின் தண்ணிச் சூட்டை இறக்கிறது மலிவு. 60 பாகைத் தண்ணியில் இந்தத் தகடு 82இல் தருவதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடத்தான் தரும் என்பதையும் கணக்கில் வையுங்கோ.

வால்வ்: உரிமையாளர்கள் தாங்களே வாங்கிப் பூட்ட விடவே வேண்டாம். 1970களில் பல இடத்தில் றைசர் (மாடி மாடியாக மேலே ஏறுகிற குழாய்) ஒன்றில் இருந்து ஒரு வீட்டுப் பேஸ்போட், அதில் இருந்து அடுத்தது என்று தொடராக ஓடும். நடுவிலே ஒருவர் வால்வை மூடினால் அவருக்குப் பிறகு இருக்கிற எல்லாருக்கும் தண்ணி நிற்கும். முதலில் றைசர் வரைபடம் தேடுங்கோ. இல்லாவிட்டால் ஒரு றைசரில் கீழிருந்து மேலே ஒவ்வொரு வீட்டிலும் போகிற, வருகிற குழாய்ச் சூட்டை ஒட்டுத் தேர்மோமீற்றரால் அளந்தால் அமைப்புத் தெரிஞ்சுவிடும். தொடர் என்றால் மூன்று வழி வால்வும் பைபாஸும் வேண்டும். ஒவ்வொரு வீடும் தனிக் கிளை என்றால் சாதாரண இரண்டு வழி வால்வ் காணும், ஆனால் பம்ப் வேகம் தானாகக் குறைகிற வகையாக மாற வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் மூடினவுடன் மிச்ச வால்வுகள் விசில் அடிக்கும். சென்சர் தலை மூடிக்குள்ளே இருந்தால் பேஸ்போட்டின் சூட்டையே அறைச் சூடு என்று நினைச்சு மூடிவிடும், கம்பி வைத்து சுவரில் வைக்கிற தலையே எடுங்கோ.

வால்வுக்கு முதல் றைசர் அடியில் பலன்ஸிங். பழைய கை வால்வுகள் அநேகமாகத் துருப்பிடிச்சு அசையாது. தானியங்கி ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வ் ஒவ்வொரு றைசருக்கும் ஒன்று போட்டால் தெற்குக்குக் குறைவாகவும் வடக்கு மூலைக்கு அதிகமாகவும் ஓட்டத்தைப் பிரிக்கலாம். உங்கள் 27க்கும் 18க்கும் மிச்சப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கு.

புதுப் பொயிலரை மூன்று வருடத்தில் சாக வைக்கிறது தண்ணி. பழைய குழாயில் கறுப்புச் சேறு நிறைய இருக்கும், அது புது எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய பாதைகளை அடைக்கும். கழுவுங்கோ, காந்தம் வைத்த சேறு பிரிப்பான் ஒன்று திரும்பும் குழாயில், அரிப்பைத் தடுக்கிற இன்கிபிற்றர் மருந்து. எக்ஸ்சேஞ்சர் அலுமினியமா ஸ்ரெயின்லெஸ்ஸா என்று பார்த்து அதுக்கேற்ற பி.எச் (தண்ணியின் அமில, கார அளவு). மேக்-அப் தண்ணிக் குழாயில் (குறைகிற தண்ணிக்குப் பதில் புதுசு சேர்கிற குழாய்) சின்ன மீற்றர் ஒன்று கட்டாயம் வையுங்கோ. அது ஒவ்வொரு நாளும் ஓடுது என்றால் எங்கேயோ ஒழுக்கு இருக்கு, ஒவ்வொரு லீற்றர் புதுத் தண்ணியும் ஒட்சிசனோடு வந்து அரிக்கும். முதலில் அந்த ஒழுக்கு, பிறகு பொயிலர்.

புகைக்குழாய் பழைய சிம்னியில் போக முடியாது, எஸ்636 தரப் பிளாஸ்ரிக் அல்லது ஸ்ரெயின்லெஸ். பழைய சிம்னியில் சுடுதண்ணிப் பொயிலரோ பழைய பொயிலரோ மிஞ்சி நின்றால் சிம்னி அதுக்குப் பெரிசாகிவிடும், லைனர் (உள்ளே விடுகிற சின்னக் குழாய்) தேவையா என்று ஜி1காரர் எழுதித் தரட்டும். கொண்டென்சேற் தண்ணி அமிலம். 10 லட்சம் பி.ரி.யு முழுச் சூட்டில் மணித்தியாலத்துக்கு 35, 40 லீற்றர் வரும். சுண்ணாம்புக்கல் நியூற்றலைசர் இல்லாமல் டிறெயினில் விட்டால் 14 மாடி வார்ப்பிரும்புக் குழாயும் போகும். கல்லை வருடாவருடம் மாத்த வேண்டும். அதைச் சேர்விஸ் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஒருவரும் மாத்தமாட்டினம்.

கட்டடக்காற்று:

23ஐ இன்றைக்கே 19க்கு இறக்கச் சொல்லுங்கள். ஒரு சதம் செலவில்லை. கொறிடோரில் ஸ்வெட்டரோடு நடக்கட்டும்.

ஜன்னல்: ஒற்றைக் கண்ணாடி அலுமினியத்தின் யூ மதிப்பு (வெப்பம் வெளியேறும் அளவு, குறைந்தால் நல்லது) 6, 7 அளவு; வெப்பத் தடுப்பு வைத்த ஃபிரேமில் இரட்டைக் கண்ணாடி, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் லோ-ஈ பூச்சு என்றால் 2 பக்கம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இது பாய்லரைவிடப் பல மடங்கு செலவு, பாதி வீட்டில் பால்கனி ஸ்லாப் வழியாகப் போகும் சூட்டை ஜன்னல் தடுக்காது. அதுவரை ஸ்லைடரின் தேய்ந்துபோன நார்ப் பட்டையையும் உருளைகளையும் பூட்டையும் மாற்றுங்கள்; ஜன்னல் இறுகச் சாத்தினால் ஓட்டையில் பெரும்பகுதி நின்றுவிடும். அடுத்த றிசேர்வ் ஃபண்ட் ஆய்வில் ஜன்னல் எந்த வருடம் என்று பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்குள் என்றால் மூன்றாவது பாய்லருக்கே வேலை இருக்காது.

முழுதாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஹாமில்டனில் கென் சோபிள் டவர் இருக்கிறது: 1967இல் கட்டியது, 18 மாடி, 146 வீடு, வெளியே தடிமனான காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, வெப்ப மீட்புக் காற்றோட்டம், பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் சூடாகும் கட்டடம்) மறுசீரமைப்புத் தரத்தில் 2021இல் முடித்தார்கள். அதை எடுத்துக்காட்டிப் பேசுபவர்களுக்கு ஒரு விஷயம்: வேலை நடந்தபோது அந்தக் கட்டடம் காலியாக இருந்தது, நகராட்சிக்குச் சொந்தமான ஒரே உரிமையாளர். 160 உரிமையாளர் குடியிருக்கும் கொண்டோவில் அதை அப்படியே செய்ய முடியாது.

ஹீட் பம்பில் றைசரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. அவர் மூன்றாவது கேஸ் பாய்லரை உதிரியாக வைக்கச் சொல்கிறார். நான் அந்த இடத்தைக் காலியாக வைத்து, செப்பரேட்டரில் இரண்டு அடைப்பு வால்வும் மூடிய குழாய் முனையும் விடச் சொல்வேன். தண்ணீர் 55 டிகிரிக்கு இறங்கியவுடன் கூரையில் காற்றிலிருந்து தண்ணீருக்கு மாற்றும் ஹீட் பம்ப் ஒன்று சீசனில் பெரும்பகுதியைத் தாங்கும், குளிர் உச்சத்துக்குப் பாய்லர். இன்று அதைப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கட்டடத்தின் 600 வோல்ட் மெயினில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் யாரும் விலை சொல்ல முடியாது. 12 மாத உச்ச மின் தேவையை பில்லிலிருந்து எடுத்து எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிடம் கொடுங்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஹீட் பம்ப் என்று கேட்பவர்களுக்கு: பல பழைய வீடுகளின் பேனல் 60 ஆம்ப். அடுப்புக்கும் அதுவே.

றைசர்:

இரண்டு வால்வும் மூடின முனையும் விடுகிறதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை, இப்ப விட்டால் சில நூறு டொலர், பிறகு வெட்டிப் போட்டால் முழுக் கட்டடமும் ஒரு நாள் குளிரில் கிடக்கும். உதிரிப் பொயிலர் இல்லாமல் பெப்ரவரியில் ஒன்று பழுதாகி வாடகைக் குடியிருப்பாளர் நகரத்துக்கு போன் அடிச்சால் வாடகை வீட்டில் 21 பாகையாவது இருக்க வேண்டும் என்ற நகர விதி யாருக்கும் தவணை தராது, அதாலைதான் சொன்னேன்.

பதினாலாம்மாடி, கொட்டேசனைத் திருப்பி அனுப்பும்போது இதையும் சேருங்கோ: கடைசி 10% காசு, சட்டப்படி பிடிச்சு வைக்கிற ஹோல்ட்பாக்குக்கு மேலதிகமாக, வெளியே மைனஸ் 10க்குக் கீழே போன ஒரு கிழமையும் 0க்கு மேலே போன ஒரு கிழமையும் கொன்ரோலரின் பதிவைப் பார்த்த பிறகுதான். போகிற தண்ணி, வருகிற தண்ணி, வெளிச்சூடு, எத்தனை தடவை எரிந்து நின்றது, இவ்வளவும் 15 நிமிடத்துக்கு ஒருக்கால் பதியச் சொல்லுங்கோ. 0 பாகை நாளில் திரும்பும் தண்ணி 55க்கு மேலே நிற்குது என்றால் பலன்ஸிங் முடியவில்லை, காசைக் கொடுக்காதீங்கோ.